ஓராண்டில் மூன்று நெருக்கடிகள்: சான்டா குரூஸ் உணர்த்தும் பாடம்

அனர்த்தங்கள் ஒவ்வொன்றாகவே வரும், ஒன்றிலிருந்து மீண்ட பின்னரே மற்றொன்றுக்கு முகங்கொடுக்க நேரும் என்ற எண்ணத்திலேயே உலகின் பெரும்பாலான அரசுகள் தமது முன்னேற்பாடுகளைச் செய்து வைத்திருக்கின்றன. நோய்க்கு ஒரு திணைக்களம், தீக்கு இன்னொரு திணைக்களம், வீதியில் இறங்கும் மக்களுக்குப் பொலிஸ் எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், இம்மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே மக்கள் மீது வந்து விழுந்தால் என்ன நேரும்? ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான்டா குரூஸ் மாவட்டம் 2020ஆம் ஆண்டில் கண்ட அனுபவம் இக்கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகின்றது.

சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே பசுபிக் கரையோரத்தில் அமைந்துள்ள இம்மாவட்டத்தில் சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். அமெரிக்காவில் மாவட்டம் என்பது எமது நாட்டில் உள்ளதைப் போல மத்திய அரசு நியமிக்கும் அதிபரின் கீழ் இயங்கும் அலகு அன்று. மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஐந்து உறுப்பினர் கொண்ட சபையும், மக்களால் தெரிவு செய்யப்படும் ஷெரிப் எனும் பொலிஸ் தலைவரும் அதற்கு உண்டு. வடக்கே வானளாவிய ரெட்வூட் மரங்கள் அடர்ந்த மலைகள், நடுவே பல்கலைக்கழகத்தையும் உல்லாசப் பயணிகளையும் நம்பியிருக்கும் கடற்கரை நகரம், தெற்கே வட்சன்வில் நகரைச் சூழ்ந்து ஸ்ட்ரோபெரி பயிரிடப்படும் பஜாரோ பள்ளத்தாக்கு என மூன்று வேறுபட்ட உலகங்கள் இச்சிறிய மாவட்டத்துக்குள் அடங்கியுள்ளன.

நெருக்கடி கொரோனாவுடன் ஆரம்பிக்கவில்லை என்பதை முதலிற் குறிப்பிட வேண்டும். வீட்டு வாடகை அமெரிக்காவிலேயே மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் சான்டா குரூஸும் ஒன்றாகும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் உதவியாளர்களாகப் பணியாற்றிய பட்டப்பின்படிப்பு மாணவர்கள், வாடகையைச் செலுத்தியபின் உணவுக்குப் போதவில்லை எனக் கூறி, மாதமொன்றுக்கு மேலதிகமாக 1,412 டொலர் வழங்குமாறு கோரினர். 2019 டிசெம்பரில் பரீட்சைப் பெறுபேறுகளை வழங்காது தடுத்து வைத்த அவர்கள், 2020 பெப்ரவரியில் முழுமையான வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மாத இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். அவர்களிற் பலர் பின்னர் மீள அமர்த்தப்பட்டனர். எனினும் உழைப்பவர்களுக்கு அங்கு குடியிருக்க இடமில்லை என்ற உண்மை அதற்குள் வெளிப்பட்டுவிட்டது.

அதற்கு அடுத்த மாதமே கொவிட் 19 வந்தது. 2020 மார்ச் 16ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் மாவட்டங்களும் அவற்றுடன் சான்டா குரூஸும் மக்களை வீட்டிலேயே இருக்குமாறு பணித்தன. மாநிலம் முழுவதற்குமான கட்டளை மூன்று நாட்கள் கழித்தே வந்தது. இந்த முந்திய நடவடிக்கை பல உயிர்களைக் காத்தது எனலாம். எனினும் வீட்டில் இருக்கும் வசதி எல்லோருக்கும் கிட்டவில்லை. கணினி முன் அமர்ந்து தொழில் புரியக்கூடியவர்கள் வீடுகளில் இருந்தனர். உணவு உற்பத்தி அத்தியாவசியத் தொழில் என்பதால் வட்சன்வில்லின் தோட்டத் தொழிலாளர்கள் வயலுக்குச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலானோர் மெக்சிக்கோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். உயர்ந்த வாடகை காரணமாக ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள் நெருங்கி வாழ்பவர்கள். தொற்றுக்கு ஆளானவர் தனித்திருக்க வேண்டும் என்ற அறிவுறுத்தலைத் தனியறையே இல்லாதவர் எவ்வாறு கடைப்பிடிப்பது? மாவட்டத்தின் தொற்றுகளில் வட்சன்வில்லின் பங்கு அதன் சனத்தொகைக்குரிய அளவை வெகுவாக மிஞ்சிச் சென்றதற்குக் காரணம் இதுவேயாகும்.

இத்தொழிலாளர்களிற் கணிசமானோர் குடியுரிமை ஆவணங்கள் அற்றவர்கள். மத்திய அரசு மக்களுக்கு வழங்கிய நிவாரணக் கொடுப்பனவு இவர்களுக்கு மறுக்கப்பட்டது. அத்தியாவசியமானவர்கள் என அழைக்கப்பட்டவர்களே உதவி பெறத் தகுதியற்றவர்கள் எனவும் கணிக்கப்பட்டமை அந்த ஆண்டின் பெரும் முரண்பாடாகும். இக்குறையைப் போக்கக் கலிபோர்னியா மாநிலம் ஆளுக்கு 500 டொலர் வீதம் வழங்க முன்வந்தது. ஆனால் அது ஒரு மாத வாடகைக்குக்கூடக் காணாது. மறுபுறத்தில், கட்டுப்பாடுகளை விதித்த சுகாதார அதிகாரிகளுக்குக் கொலை மிரட்டல்கள் விடுக்கப்பட்டன. நோயைத் தடுக்க முனைந்தவர்களே எதிரிகளாகப் பார்க்கப்பட்டனர்.

மே 25ஆம் திகதி மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரின் பிடியில் உயிரிழந்ததைத் தொடர்ந்து அமெரிக்கா எங்கணும் எழுந்த எதிர்ப்பலை சான்டா குரூஸையும் வந்தடைந்தது. அங்கு நடைபெற்ற கூட்டத்தில், கறுப்பினத்தவரான நகர முதல்வர் ஜஸ்டின் கமிங்ஸுடன் பொலிஸ் தலைமை அதிகாரி அன்டி மில்ஸும் முழந்தாளிட்டுத் துக்கத்தில் இணைந்துகொண்ட படம் நாடெங்கும் பரவியது. படத்துக்கு முழந்தாளிடுவது எளிது என எவரும் கூறக்கூடும். ஆனால் அந்நகரம் அத்துடன் நின்றுவிடவில்லை. குற்றம் எங்கே நிகழும் என்பதைக் கணினி மூலம் முன்கூட்டியே கணிக்கும் முறையை 2020 ஜூனில் அந்நகர சபை தடை செய்தது. அமெரிக்காவில் அவ்வாறு தடை விதித்த முதல் நகரம் அதுவேயாகும். 2011ஆம் ஆண்டில் அம்முறையை முதன்முதலில் பரீட்சித்துப் பார்த்த நகரங்களுள் ஒன்றும் அதுவே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இத்தடையின் நியாயத்தை விளங்கிக்கொள்வது அவசியம். கணினிக்கு ஊட்டப்படுவது பழைய பொலிஸ் பதிவேடுகளே. பொலிஸார் அதிகம் சுற்றித் திரியும் இடத்தில் அதிகமான குற்றங்கள் பதிவாகும். பதிவுகள் அதிகமானால் அங்கேயே மேலும் பொலிஸாரை அனுப்புமாறு கணினி கூறும். இவ்வாறு மனிதரின் பழைய பாரபட்சம் இயந்திரத்தின் நடுநிலை என்ற போர்வையில் மீண்டும் திரும்பி வருகின்றது. சந்தேகத்துக்குரிய சமூகம் என முத்திரை குத்தப்பட்ட எந்த மக்களுக்கும் இது விளக்கம் தேவைப்படாத விடயமாகும்.

இதே நாட்களில் மற்றொரு கொடுமையும் நிகழ்ந்தது. ஜூன் 6ஆம் திகதி பென் லோமண்ட் என்ற மலைக்கிராமத்தில் ஷெரிப் பிரிவின் சார்ஜன்ட் டேமன் கட்ஸ்வில்லர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியான ஸ்டீவன் கரில்லோ, உள்நாட்டுப் போரை மூட்ட விரும்பும் ஆயுதக் கும்பலுடன் தொடர்புடைய ஒரு விமானப்படைச் சார்ஜன்ட். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் ஒக்லண்ட் நகரில் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்த வேளையில் மத்திய அரசின் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவரைக் கொன்றவரும் இவரே. 2022ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் 41 வருடச் சிறைத்தண்டனையும் மற்றையதில் பரோலற்ற ஆயுட்தண்டனையும் இவருக்கு விதிக்கப்பட்டன. நீதி கேட்டு வீதியில் நின்ற மக்களுக்கும் இக்கொலைகளுக்கும் தொடர்பில்லை. அவர்களின் கூட்டத்தை ஒருவன் தனக்கு மறைப்பாகப் பயன்படுத்தினான் என்பதே உண்மை. எதிர்ப்பையும் வன்முறையையும் ஒன்றெனக் காட்ட அவசரப்படுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

இவ்விரு துயர்களும் ஓயுமுன்னரே ஓகஸ்ட் மாதம் வந்தது. 16ஆம் திகதி அதிகாலை, கலைந்துபோன ஒரு வெப்பமண்டலப் புயலின் ஈரப்பதன் கரையோரத்தின் கடும் வெப்பத்துடன் கலந்து மழையற்ற இடிமின்னலைத் தோற்றுவித்தது. ஒரு சில நாட்களுக்குள் கலிபோர்னியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னல்கள் தாக்கின. நூற்றுக்கணக்கான இடங்களில் தீ மூண்டது. சான்டா குரூஸ் மலைகளில் தனித்தனியே மூண்ட தீக்கள் ஒன்றாகி, 86,509 ஏக்கரை எரித்தன. 1,490 கட்டடங்கள் அழிந்தன. அவற்றுள் 900க்கும் மேற்பட்டவை இம்மாவட்ட மக்களின் வீடுகள். ஒருவர் உயிரிழந்தார். 70,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். பல்கலைக்கழக வளாகமும் காலி செய்யப்பட்டது. 1902ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பிக் பேசின் பூங்கா, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவாகும். அதன் தலைமையகம் சாம்பலாயிற்று.

மூன்று நெருக்கடிகளும் ஒன்றையொன்று எவ்வாறு பெருப்பித்தன என்பது இங்கேதான் துலங்குகின்றது. கலிபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கும் பணியில் சிறைக்கைதிகளின் குழுக்கள் நீண்டகாலமாக ஈடுபடுத்தப்பட்டு வருகின்றன. சிறைகளில் கொரோனா பரவியதால் சில கைதிகள் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர், சில முகாம்கள் தனிமைப்படுத்தப்பட்டன. தீ மூண்ட வேளையில் ஆட்பலம் குறைந்திருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே வேளையில் எரிந்ததால் அயல் பிரதேசங்களின் உதவியும் தாமதித்தது. சொற்ப கூலிக்குத் தீயுடன் போராடிய அக்கைதிகள், விடுதலையான பின்னர் தமது குற்றப்பதிவு காரணமாகத் தீயணைப்புத் தொழிலில் சேர முடியாதிருந்தனர். அத்தடையைத் தளர்த்தும் சட்டம் 2020 செப்டெம்பரிலேயே கையொப்பமிடப்பட்டது.

இடம்பெயர்ந்தவர்களைப் பெரும் மண்டபங்களில் கூட்டி வைப்பதே வழமை. தொற்றுக் காலத்தில் அது ஆபத்தாக மாறியது. தங்குமிடங்களில் இடைவெளி பேண வேண்டியிருந்ததால் இடவசதி சுருங்கியது. பலர் வாகனங்களிலும் கூடாரங்களிலும் இரவுகளைக் கழித்தனர். ஒரே இரவில் வீட்டைத் துறந்து செல்வது என்னவென்பதை அறிந்த எமது வாசகர்களுக்கு இதன் வலியை நாம் விபரிக்கத் தேவையில்லை.

தெற்கே வயல்களில் புகை சூழ்ந்தது. புகையின் அளவு குறித்த எல்லையைத் தாண்டினால் தொழிலாளர்களுக்கு என்95 முகக்கவசம் வழங்க வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 2019 முதல் நடைமுறையில் இருந்தது. ஆனால், பெருந்தொற்றினால் உலகெங்கும் அதே முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. நோய்க்கிருமியையும் புகையையும் ஒருங்கே சுவாசிக்கும் நிலைக்கு, பழம் பறித்தவர்கள் தள்ளப்பட்டனர். மலையிலோ, குடிநீர்க் குழாய்கள் உருகியதால் சான் லொரென்சோ பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் நீர் மாசுற்றிருக்கக்கூடும் என அஞ்சப்பட்டது. குழாய் நீரைக் கொதிக்க வைத்தும் அருந்த வேண்டாம் என மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

இத்தீயை இயற்கையின் சீற்றம் எனக் கூறிக் கைகழுவிவிட முடியாது. மின்னல் இயற்கையானது, எரிவதற்குக் காத்திருந்த விறகு மனிதர் சேர்த்து வைத்தது. அப்பிரதேசத்தின் பூர்வீகக் குடிகள் காலந்தோறும் சிறு தீக்களை மூட்டிச் சருகையும் புதரையும் குறைத்து வந்தனர். 1793ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆளுநர் அதனைத் தடை செய்தார். பின்னர் வந்த அமெரிக்க ஆட்சி எல்லாத் தீயையும் உடனே அணைப்பதையே கொள்கையாக்கியது. நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த அந்த எரிபொருளை, காலநிலை மாற்றத்தினால் ஏற்பட்ட நீண்ட வெப்பமும் வறட்சியும் உலர்த்தி வைத்தன. இன்று அமா முட்சுன் எனும் பூர்வீகக் குடியினர் தமது முன்னோரின் நில முகாமைத்துவ அறிவை மீட்டெடுக்கப் பாடுபட்டு வருகின்றனர். அவமதிக்கப்பட்ட அறிவே மருந்து என்பதை அரசும் தாமதமாக உணரத் தொடங்கியுள்ளது.

நகரத்தில் வாடகை கொடுக்க முடியாதோர் பலர் மலைக்காட்டின் மலிவான வீடுகளுக்குச் சென்றிருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. தீ எரித்தது செல்வந்தர்களின் மாளிகைகளை மட்டுமல்ல. காப்புறுதித் தொகை போதாமை, கட்டுமானச் செலவின் உயர்வு, அனுமதி பெறுவதில் உள்ள சிக்கல் ஆகியவற்றால் ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரும், அழிந்த வீடுகளிற் பாதியேனும் மீளக் கட்டப்படவில்லை. 2023 மார்ச்சில் பஜாரோ ஆற்றின் அணை உடைந்து, வட்சன்வில்லுக்கு எதிர்க்கரையிலுள்ள தொழிலாளர் ஊர் நீரில் மூழ்கியது. அவ்வணை பலவீனமானது என்பது பல தசாப்தங்களாக அறியப்பட்டிருந்த விடயம். ஏழைகளின் ஊரைக் காப்பதில் பொருளாதார இலாபம் குறைவு எனக் கணக்கிடப்பட்டதே திருத்தம் தாமதித்ததற்கு ஒரு காரணம்.

பிக் பேசின் பூங்காவில் கருகி நின்ற ரெட்வூட் மரங்களிற் பெரும்பாலானவை மீண்டும் துளிர்த்திருக்கின்றன. பல தசாப்தங்களுக்கு முன்னர் சேமித்து வைத்த உணவையும், பட்டைக்கு அடியில் மிக நீண்ட காலம் உறங்கிய மொட்டுகளையும் கொண்டே அவை துளிர்த்தன என ஆய்வாளர்கள் 2023இல் கண்டறிந்தனர். மனித சமூகத்துக்கும் அத்தகைய சேமிப்பு வேண்டும். கட்டுப்படியாகும் வீடு, நோயுற்றால் ஊதியத்துடன் ஓய்வு, சமமாக நடத்தும் பொலிஸ், உறுதியான அணை என்பனவே அந்தச் சேமிப்பு. அவற்றை அனர்த்தம் வந்த பின்னர் தேடுவதில் பயனில்லை.

நோய்க்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் பேதமில்லை எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. சான்டா குரூஸின் ஓராண்டு அதனை மறுக்கின்றது. அனர்த்தம் பேதம் பார்ப்பதில்லை என்பது உண்மையாயினும், அது வருமுன்னரே பேதம் பார்த்து வைத்திருப்பவர்கள் மனிதர்களே. அந்தப் பேதத்தை நீக்காமல் எந்த அனர்த்த முகாமைத்துவத் திட்டமும் முழுமை பெறாது என்பதே எமது நிலைப்பாடாகும்.