மாதவிடாய் வலி: உள்ளே பிடிக்கும் ‘துரு’!

‘கல்யாணமானா சரியாயிடும்...’ - மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்களுக்கு வீட்டில் கிடைக்கும் ஆறுதல் இது. ஆனால், சிலருக்கு அந்த வலிக்குக் காரணம், எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, சினைப்பை, குடல் என வெளியே வளரும் பிரச்னை. இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம், கருக்குழாய் வழியாக அடிவயிற்றுக்குள் திரும்பிப் போகும். பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். உடலே அதைச் சுத்தம் செய்துவிடும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அந்த ரத்தம் தேங்கி, சிவப்பணுக்கள் சிதைந்து, இரும்பு வெளியேறுகிறது. அதனால் உருவாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள், துரு அரிப்பதுபோல சுற்றியுள்ள செல்களைப் பாதிக்கின்றன. இதுவே ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். அழற்சியையும் வலியையும் கூட்டி, அந்தத் திசு ஒட்டி வளரவும் இது துணைபோகிறது.

கீரையை நிறுத்தலாமா?

கூடாது. இது தேங்கிய ரத்தத்தின் இரும்பு, முருங்கைக்கீரையின் குற்றமல்ல. ரத்தசோகை இருந்தால் இரும்பு மாத்திரையும் அவசியம். நெல்லிக்காய், கொய்யா நல்லவைதான். ஆனால், சிகிச்சைக்கு மாற்றல்ல.

பள்ளிக்கோ, வேலைக்கோ போகவிடாத வலி என்றால், மகளிர் மருத்துவரைப் பாருங்கள். திருச்சிக்காரர்களுக்குப் புத்தூரிலேயே இருக்கிறது, மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. மாத்திரையா, லேப்ராஸ்கோப்பியா என்பதை மருத்துவர் சொல்வார். ‘பொறுத்துக்கோ’ என்பது மட்டும் சிகிச்சை அல்ல!