எஸ்எஸ்டி வேகம் குறைந்தால் தூக்கிப் போடாதீர்கள்!

மடிக்கணினி புதிதாக இருந்தபோது பெரிய காணொளிக் கோப்பும் சில நொடிகளில் பதிவாகியிருக்கும். ஓராண்டு கழித்து அதே வேலை இழுத்தடிக்கிறது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம் தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். அதில் குப்பை சேர்ந்திருக்கலாம்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை. அதன் ஃபிளாஷ் சில்லுகளில் உள்ள நுண்ணிய அறைகள் மின்னூட்டத்தைத் தேக்கித் தரவைச் சேமிக்கின்றன. இந்த அறைகள் பல சேர்ந்தது ஒரு ‘பக்கம்’. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தது ஒரு ‘தொகுதி’. தரவைப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால், அழிக்கும்போது முழுத் தொகுதியையும்தான் அழிக்க முடியும். எழுதிய பக்கத்தின் மேல் மீண்டும் எழுதவும் முடியாது.

ஒரே வீச்சில் முழுவதுமாக மட்டுமே துடைக்கக்கூடிய வெண்பலகையைக் கற்பனை செய்யுங்கள். அதில் இரண்டு வரிகள் தேவை என்றால், முதலில் அவற்றை வேறு பலகையில் எழுதிக்கொண்டு, பிறகுதான் துடைக்க வேண்டும். எஸ்எஸ்டியும் இதையே செய்கிறது. வெற்றுப் பலகைகள் குறையக் குறைய இந்த வேலை கூடும். எழுதும் வேகம் குறையும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் ஒரு கோப்பை நீக்கும்போது, கணினி தன் பட்டியலில் மட்டுமே அதை நீக்குகிறது. எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. பயனற்ற தரவையும் பத்திரமாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். ‘இந்தப் பக்கங்கள் இனி வேண்டாம்’ என்று அதற்குச் சொல்லும் கட்டளைதான் ‘டிரிம்’. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் இவ்வசதி விண்டோஸில் உள்ளது.

வேகத்தை மீட்கும் வழி இதோ:

1. முக்கியக் கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுங்கள். டிரிம் செய்த பிறகு, நீக்கிய கோப்புகளை மீட்பது ஏறக்குறைய இயலாது.

2. தேவையற்றவற்றை நீக்கி, ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்யுங்கள். ஏறத்தாழ 15 விழுக்காட்டு இடமாவது காலியாக இருக்கட்டும்.

3. விண்டோஸ் தேடல் கட்டத்தில் ‘டிஃபிராக்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, வரும் செயலியைத் திறங்கள். எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்து ‘ஆப்டிமைஸ்’ பொத்தானை அழுத்துங்கள். விண்டோஸ் டிரிம் கட்டளையை அனுப்பும்.

4. கணினியை அணைக்காமல் சிறிது நேரம் சும்மா விடுங்கள். எஸ்எஸ்டி தன் தொகுதிகளைத் துப்புரவு செய்துகொள்ளும்.

வேறு நிறுவனங்களின் ‘டிஃபிராக்’ மென்பொருள்களை எஸ்எஸ்டியில் பயன்படுத்த வேண்டாம். ஃபிளாஷ் அறைகளை ஓரளவு முறைதான் அழித்து எழுத முடியும். தேவையின்றித் தரவை இடம் மாற்றினால் அவற்றின் ஆயுள் குறையும்.

பலன் கிடைத்ததா? அறிவியல் முறைப்படி சோதியுங்கள். ஒரே பெரிய கோப்பை டிரிமுக்கு முன்பு மூன்று முறை, பின்பு மூன்று முறை நகலெடுத்து, சராசரி நேரத்தை ஒப்பிடுங்கள். கோப்பின் அளவு கட்டுப்படுத்தப்பட்ட மாறி. நேரம் சார்பு மாறி. நேரம் குறையாமல், கோப்புகளும் அடிக்கடி பழுதானால், அப்போது புதிய எஸ்எஸ்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.