கற்கோயிலைத் தாண்டிப் பார்த்த கலெக்டர்

ஈ.சி.ஆர். ரோட்டில் மாமல்லபுரம் போகாத காலேஜ் பசங்க ரொம்பக் கம்மி. நமக்கு முன்னாடியே, 200 வருஷத்துக்கும் மேலாக வெள்ளைக்காரப் பயணிகள் அங்கே வந்து கற்கோயில்களைப் பார்த்து வியந்து எழுதியிருக்காங்க. ஆனால் அதே செங்கல்பட்டுச் சீமையின் சேரி மக்களைப் பற்றி எழுதிய ஒரு வெள்ளைக்காரரைத் தெரியுமா?

பெயர் ட்ரெமென்ஹீர். செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டர். 1891-ல் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் வெறும் பரிதாபம் இல்லை, வறுமைக்குக் காரணம் இருந்தது. குடிசை நிற்கும் மண்கூட மிராசுதாருடையது. எதிர்த்துக் கேட்டால் வீடு போகும். கடனுக்காகப் படியாளாக உழைக்கணும். சரி, தரிசு நிலத்துக்கு மனு போடலாம்னா, அதற்கும் மிராசுதாருக்கே முன்னுரிமை. தப்பிக்க எங்கே வழி?

இதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க அது வழி செய்தது. அப்படிக் கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். முதல் 10 வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம்.

உடனே ட்ரெமென்ஹீருக்கு மாலை போட்டுடாதீங்க. மிராசுதாரோடு கைகோத்து வரி வசூலித்த அரசின் அதிகாரிதான் அவரும். ஆனாலும் அவர் எழுதியது ஓர் ஆணையாக மாறியது. ஆணை மக்கள் கையில் ஆதாரமாக மாறியது. 1994-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை கிராமத்து மக்கள், மற்றவர்கள் கைக்குப் போன பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினாங்க. 102 வருஷத்துக்கு முந்தைய அந்த ஆணைதான் அவர்களுடைய பிடிமானம். அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தாங்க.

வெளியாள் அனுதாபத்தோடு எழுதியதைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: யாரைப் பற்றி எழுதினாங்களோ, அவங்களுக்கு அது பயன்பட்டதா? அப்படியே அவங்களே எழுதியதையும் தேடுங்க. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-லேயே 'பறையன்' என்று ஒரு பத்திரிகை தொடங்கிட்டார். ஒடுக்கியவங்க வசையாகச் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்தார்.