ஒரே உயிரி கடலை மூடும்போது

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டபம், பாம்பன் கரையோரத்தில் கடல் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மாறியது. ஒதுங்கிய நுரைகூடப் பச்சை. மீன்கள் செத்து மிதந்தன.

காரணம், நாக்டிலூகா சின்டிலன்ஸ் என்ற ஓரணு உயிரி. குண்டூசித் தலை அளவுக்குள் அடங்கும் இது தாவரமல்ல. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை விழுங்கி வாழ்வது. மன்னார் வளைகுடாவில் பெருகும் வகை தன் உடலுக்குள் நுண்ணிய பச்சைப்பாசிகளையும் வளர்க்கிறது. அவை வெயிலில் தயாரிக்கும் உணவிலும் அதற்குப் பங்கு உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும் இந்த உயிரியால்தான்.

ஆழமில்லாத கடலில் ஆபத்து அதிகம். கோடிக்கணக்கான உயிரிகள் ஒரே சமயத்தில் மடிந்து அழுகும்போது, அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. காற்று ஓய்ந்து அலையும் அடங்கினால், போன ஆக்சிஜன் திரும்ப நாளாகும். 2019-ல் மன்னார் வளைகுடாவின் சிங்கில் தீவருகே ஒரு லிட்டர் நீரில் ஆக்சிஜன் அளவு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. நீந்தத் தெரிந்தவை தப்பிக்கலாம். பவளத்துக்கு அந்த வழியில்லை. வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா பவளங்கள்தான் அதிகம் மடிந்தன.

இதே ஆழமற்ற கடல்தான் கடற்பாசிகளின் களஞ்சியமும். அங்குள்ள குருசடைத் தீவின் பாசிகளை எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே பட்டியலிட்டார். பாசி எடுக்கும் ராமநாதபுரத்துப் பெண்களுக்கோ அவை கைப்பழக்கம். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பும் இடுப்பில் வலைப்பையுமாக இறங்கி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். அகர் என்ற கூழ்ப்பொருள் தரும் மரிக்கொழுந்துப் பாசி பாறையை இறுகப் பற்றியிருக்கும். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனிப் பருவம். ஒன்று ஓயும்போது இன்னொன்று தழைக்கிறது. நீரில் சேரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இவை உறிஞ்சிக்கொள்கின்றன. மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமும் ஆகின்றன. இந்தப் பன்மை இருக்கும்வரை எந்த ஒரு பாசியும் இடத்தை முழுதாகப் பிடிப்பது எளிதல்ல.

ஆனாலும் மனிதர் கொண்டுவந்த பாசி ஒன்று அப்படிப் பிடித்ததுண்டு. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸ், காரஜீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக இங்கே மிதவைகளில் வளர்க்கப்படுகிறது. 2000-க்குப் பிறகு பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதால் ஊரில் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றே பெயர். குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளங்கள்மேல் பாய்போலப் படர்ந்து வெளிச்சத்தை மறைப்பதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். ஒடிந்த சிறு துண்டும் புதிதாகத் தழைக்கும் என்பதால், கையால் பிடுங்கிக் கட்டுப்படுத்துவது பெரும்பாடு.

இந்தப் பாசி வளர்ப்பால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதை நிறுத்தச் சொல்வது நியாயமல்ல. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டிய பிறகு, எந்தப் பாசியை எங்கே வளர்ப்பது என்ற கேள்வி அவசரமாகிவிட்டது. கப்பாஃபைகஸ் மிதவைகள் பவளத் தீவுகளிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து போன்ற உள்ளூர் இனங்களின் விதைத்துண்டுகளும் அதே அக்கறையோடு கிடைக்க வேண்டும். அந்தத் திட்டத்தைத் தீட்டும் மேசையில், எந்தப் பாறையில் எந்தப் பாசி எப்போது முளைக்கும் என்று அறிந்த பெண்களுக்கும் இடம் வேண்டும்.