பால்வாடியா, எல்.கே.ஜி.யா? எல்லாம் பிறந்த தேதிக் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பெற்றோர் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று விசாரிக்கும் முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது. தமிழக அரசுக் கணக்கில் ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருந்தால் எல்.கே.ஜி.; 5 நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் 2-ல் பிறந்த குழந்தை, இரண்டு நாள் பிந்தியதால் 2027 ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடி கேந்திரிய வித்யாலயாக்களில் கணக்கே வேறு. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது ஆகியிருக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை கேட்பது அந்த 6-ஐத்தான். தமிழகம் 5-ஐ விடவில்லை.

ஊரார் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அங்கன்வாடிக்கு இந்தத் தேதிச் சிக்கல் இல்லை. 2 வயது ஆனால் ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். மதிய உணவும் முட்டையும் உண்டு, கட்டணம் கிடையாது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-ல் அவற்றை மூடப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. எல்லா ஊரிலும் இந்த வகுப்புகள் இல்லை; பக்கத்துப் பள்ளியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தனியார் பள்ளிதான் வேண்டுமென்றால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்கு முன்னுரிமை. நலிந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மேயில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-ல் மத்திய நிதி வராத இழுபறியில் சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதற்குள் பல பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருப்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு அதைத் தடுக்கிறது. இது அதிகம் தேவைப்படுவது செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களுக்கு. மழை ஓய்ந்தபின் வந்து, ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். ஜூலை 31 என்ற தேதி அவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. எந்த மாதத்திலும் சேர்த்துக்கொள்ளும் அங்கன்வாடிதான் அந்தப் பிள்ளைகளுக்கு வழி.

ஆனால் அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடும். சிப்காட் ஷிஃப்ட் அதற்குள் முடியாது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்தே தீர வேண்டும் என்பது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்த விதி. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் உண்டா என்று வேலையில் சேரும் அன்றே கேட்டுவிட வேண்டும்.