வீடியோ வழியே மனநலச் சிகிச்சை: நாங்கள் கற்றுக்கொண்டவை



நம் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தை அடுத்து ஒரு சிறிய அறை இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்டும் ஹெட்போன், இவ்வளவுதான் உள்ளே. கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டுவதில்லை. நன்றி ஆராதனைக்கு வந்திருந்த சிலர், "ஐயா, அந்த அறையில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார்கள். உங்கள் காணிக்கையால் அமைந்த அறை அது. ஆகவே விவரமாக எழுதுவது எங்கள் கடமை.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு எங்களிடம் வந்தார். தூக்கம் வரவில்லை, பிள்ளையை எடுக்க மனமில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றார். நாங்கள் அவருக்காக ஜெபித்தோம். "விசுவாசத்தில் உறுதியாயிரும்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அவரை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தோம். தேவகிருபையால் உயிர் பிழைத்தார். கண் விழித்ததும் அவர் எங்களிடம் சொன்னது: "ஐயா, என் விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது." அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது நாங்கள்தான். ஜெபித்தது தவறல்ல, ஜெபித்ததோடு அனுப்பிவிட்டதே தவறு.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டான்; அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மறுபடியும் தூங்கவிட்டான். இதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் ஒரு தாய் நேரில் வந்து நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

அந்தத் தாய்க்கு வந்தது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். அது பாவத்தின் சம்பளமும் அல்ல, பேய்க்கோளாறும் அல்ல. சிகிச்சையால் குணமாகும் நோய். ஆனால் அந்தச் சிகிச்சை கிடைக்கும் நகரமோ தூரத்தில் இருந்தது. கைப்பிள்ளையோடு இரண்டு பஸ் மாறி வாரந்தோறும் போய்வர முடியாது. ஒருநாள் கூலியும் போய்விடும். இந்த இடத்தில்தான் வீடியோ அழைப்பு எங்களுக்கு உதவிற்று.

தூரத்திலிருந்து ஒருவர் துயரத்தைக் கேட்பது புதிய காரியமல்ல. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர், 1935-இல் தாம் நடத்திய முதல் அடக்க ஆராதனையிலேயே தற்கொலை செய்துகொண்ட ஒரு சிறுமியை அடக்கம் செய்ய நேர்ந்தது. அது அவர் மனதை விட்டு நீங்கவில்லை. 1953-இல் லண்டனில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. நம் சென்னையில் 'சிநேகா' 1986 முதல் இதேபோன்ற பணியைச் செய்துவருகிறது. இவை ஆறுதலாகக் கேட்கும் பணிகள். சிகிச்சை என்பது அதற்கு அடுத்த படி. அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

நம் தேசத்தில் தொலைவழி மருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகள் 2020 மார்ச் மாதத்தில் வெளிவந்தன. அதே ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தொலைவழி மனநலச் சிகிச்சைக்கென்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. ஊரடங்கு நாட்களில் பலரும் கட்டாயத்தால் இந்த முறையைக் கையாண்டார்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் வீடியோ வழியே தரும் சிகிச்சை, பலருக்கு நேரில் தருவதற்கு இணையான பலனைத் தருகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மனநல மருத்துவரும் உளவியலாளரும் ஒருவரே என்று பலர் எண்ணுகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்துப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பவர்; மருந்து எழுதமாட்டார், பேச்சின் மூலமும் பயிற்சிகளின் மூலமும் சிகிச்சை தருவார். நம் தாய்க்கு இரண்டுமே தேவைப்பட்டன. யாரிடம் போனாலும் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவல்ல.

எங்களுக்கு உதவும் உளவியலாளர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள அம்மையார். முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் எங்களுக்கு வியப்பாயிருந்தன. "இப்போது எந்த இடத்தில் இருந்து பேசுகிறீர்கள்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? லைன் போய்விட்டால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்? ஆபத்து என்றால் யார் உடனே வருவார்கள்?" திரைக்கு அப்பால் இருப்பவரால் எழுந்து ஓடிவர முடியாது. அதனால் முன்னதாகவே வழி செய்து வைக்கிறார். அந்தத் தாயிடம் ஒரு குறிப்புச் சொல்லும் பேசி வைத்தார். யாராவது உள்ளே வந்தால், "உலை வைக்கணும்" என்று தாய் சொல்லுவார். உடனே பேச்சு பிள்ளையின் தடுப்பூசிக்கு மாறிவிடும். ஒரே அறையுள்ள வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் இருக்கும்போது மனம் திறந்து பேசுவது எப்படி? அதற்காகவே சிற்றாலயத்தின் பக்கத்து அறை.

வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். 1960-களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் என்ற மருத்துவர் வகுத்த முறையை அவர் பின்பற்றினார். "நான் கெட்ட தாய்" என்று ஓடிக்கொண்டிருந்த எண்ணத்தைக் காகிதத்தில் எழுதச் சொன்னார். அதற்கு எதிரே, நேற்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் கொடுத்தது யார் என்று எழுதச் சொன்னார். சாயங்காலம் பத்து நிமிஷம் தெருமுனை வரை நடக்கச் சொன்னார். ஒருநாள், "கேமராவைக் கொஞ்சம் தள்ளிவையம்மா, உன் கையைப் பார்க்க வேண்டும்" என்றாராம். முகம் சிரித்தது, கை சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. அன்றுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது என்று அந்தத் தாயே எங்களிடம் சொன்னார். அனுபவம் என்றால் இதுதான்.

எல்லாருக்கும் இது ஏற்றதல்ல என்று அம்மையாரே சொல்லுகிறார். உடனடியாக உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள், இல்லாத குரல்கள் கேட்கிறவர்கள், போதையில் இருப்பவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள் ஆகியோரை நேரில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை அவர் தயங்காமல் மருத்துவரிடம் அனுப்புகிறார். நாங்களும் அந்த அறைக்குள் போவதில்லை. பேசியதை வெளியே சொல்லாமல் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமை. நாங்கள் வெளியே பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முடிந்தபின், அவர் விரும்பினால் ஜெபிப்போம்.

அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். முழுவதும் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். சில இரவுகள் இன்னும் கடினமாக இருக்கின்றன. ஆனால் பிள்ளை இப்போது பால்வாடிக்குப் போகிறான். கொண்டுபோய் விடுகிறவர் அம்மாதான்.

பங்காளர்களே, அந்த அறையின் மின்சாரமும், இணைப்புக் கட்டணமும், ஏழைகளின் பஸ் செலவும் உங்கள் கைகளிலிருந்து வருகின்றன. அதோடு இன்னொரு உதவியும் கேட்கிறோம். உங்கள் சபையில் ஒருவர் "வாழப் பிடிக்கவில்லை" என்றால், எங்களைப்போல் ஜெபத்தோடு அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளே இருப்பவர்களை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, கர்த்தருக்குத் தெரியும்.

உங்கள் ஊழியத்தில்,
ஆஸ்பத்திரிச் சிற்றாலய ஊழியர்கள்