முன்னணி ஆட்டக்காரரும் மாற்றாட்டக்காரரும்

தலைவன் ஒருவனையே நம்பிய சேனை அவன் வீழ்ந்த கணத்தே தளர்ந்துவிடும் என்பது யாவரும் அறிந்ததே. இவ்வுண்மை போர்க்களத்துக்கு மட்டுமன்றிக் கால்பந்தாட்டக் களத்துக்கும் பொருந்துவதாம். லண்டன் மாநகரத்து ஆர்சனல் சங்கத்தின் அபிமானிகள் 2024-25ஆம் ஆட்டப் பருவத்தில் இப்பொருளைக் குறித்து நிகழ்த்திய வாதம் ஈண்டு ஆராயத்தக்கது.

வாதத்தை விளங்கிக்கொள்ளுமுன் இரண்டு விதிகளை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் தலைமைப் பிரிவாகிய பிரீமியர் லீக்கில், ஒரு சங்கம் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரருள் 25 பேரையே பதிவு செய்துகொள்ளலாம். மற்றச் சங்கங்களிலிருந்து ஆட்டக்காரரை விலைக்கு வாங்குதலும் கோடைகாலத்திலும் ஜனவரி மாதத்திலுமே இயலும். ஆதலின், அதன்பின் நேரும் காயத்துக்குக் கைவசம் உள்ளோரைக் கொண்டே பரிகாரம் தேடவேண்டும்.

2024 ஆகஸ்டில் ஆர்சனல், தன் முன்னணி ஆட்டக்காரருள் ஒருவரான எடி என்கெட்டியாவைக் கிரிஸ்டல் பாலஸ் சங்கத்துக்கு விற்றது. நடு முன்னணிக்கு அவருக்கு ஈடாக எவரையும் வாங்கவில்லை. 2025 ஜனவரியில் கேப்ரியல் ஜேசுஸ் முழங்காற் காயமுற்று வீழ்ந்தார். அம்மாதத்திலேயே ஆஸ்டன் வில்லாவின் ஆலி வாட்கின்ஸை விலைக்குக் கேட்டும் அச்சங்கம் இணங்கவில்லை. ஜனவரித் தவணை வீணே கழிந்தது. பிப்ரவரியில், துபாயில் நடந்த பயிற்சியின்போது, எஞ்சியிருந்த காய் ஹாவர்ட்ஸும் தொடைத்தசை கிழிந்து விலகினார்.

அபிமானிகள் இரு திறத்தாராயினர். "எவரையேனும் வாங்கியிருத்தல் வேண்டும், ஆளில்லாத இடத்தில் அரை ஆளும் மேல்" என்றனர் ஒரு சாரார். "தகுதியில்லாதாரைப் பெருவிலை கொடுத்து வாங்கினால் அவ்விடம் பல ஆண்டுகள் அடைபட்டுப் போகும், பொறுத்தலே நன்று" என்றனர் மற்றொரு சாரார். இதற்கிடையில், நடுக்களத்து ஆட்டக்காரரான மிகேல் மெரினோ பிப்ரவரி 15இல் லெஸ்டர் சங்கத்துடன் நடந்த ஆட்டத்தில் மாற்றாளாக முன்னணியில் இறங்கி இரண்டு கோல் போட்டு வெற்றி தேடித்தந்தார். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று இரண்டாம் சாரார் மகிழ்ந்தனர்.

எனினும் பருவ முடிவில் கணக்கு வேறு விதமாகப் பேசிற்று. பட்டம் வென்ற லிவர்பூலும் ஆர்சனலும் தோற்ற ஆட்டங்கள் தலைக்கு நான்கே. எதிரிகளுக்கு விட்ட கோல்களோ ஆர்சனலுக்கு 34, லிவர்பூலுக்கு 41. காப்பில் ஆர்சனலே சிறந்தது. ஆனால் அது போட்ட கோல்கள் 69. லிவர்பூல் போட்டவை 86. ஆகவே ஆர்சனல் 14 ஆட்டங்களைச் சமன் செய்தது. லிவர்பூலுக்குச் சமன் ஒன்பதே. வெற்றிக்குப் புள்ளி மூன்று, சமனுக்கு ஒன்று. இரு சங்கங்களுக்கும் இடைப்பட்ட பத்துப் புள்ளியும் (84, 74) வெற்றியாக மாறாத அவ்வைந்து சமன்களின் விலையே அன்றோ? பக்கவாட்டில் ஆடும் புகாயோ சாகா மூன்று மாதத்துக்கு மேல் காயத்தால் விலகியதும் இதற்கு ஒரு காரணமாதலின், பழி முழுவதையும் நடு முன்னணியின்மேல் சுமத்துதல் நியாயமன்று. ஆயினும் பொறுமைக்கும் ஒரு விலை உண்டென்பது தெளிவு.

2025 ஜூலையில் ஆர்சனல், போர்த்துகல் நாட்டு ஸ்போர்ட்டிங் சங்கத்தினின்று விக்டர் கியோகெரெஸை வாங்கியது. பருவம் தொடங்கிய ஆகஸ்டிலேயே ஹாவர்ட்ஸ் முழங்காற் காயத்தால் மீண்டும் விலக நேர்ந்தது. முந்திய ஆண்டைப் போல் வாளாவிருந்திருப்பின் நிலை என்னாகியிருக்கும்!

இதனால் விளங்குவது யாது? சிறந்த முன்னணி ஆட்டக்காரரைத் தேடுதலும், அவர்க்கு மாற்றாளை வைத்திருத்தலும் இரு வேறு வினாக்கள் அல்ல; ஒன்றேயாம். சிறந்தவர் கிடைக்கும்வரை காத்திருக்க விரும்பும் சங்கம், உள்ள மாற்றாளைக் கைவிடலாகாது. ஓரத்து இருக்கையில் முறை நோக்கி அமர்ந்திருப்பவரும் குழுவின் பலத்தில் ஒரு பகுதியே. அவருடைய அருமை, அவரை அழைக்கவேண்டிய நாளில்தான் புலப்படும்.